வியாழன் விட்டுவைத்த மிச்சம்: சிறுகோள்கள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

சூரியனைச் சுற்றும் சிறு பாறை, உலோகப் பொருள்களான சிறுகோள்களுக்குச் சூரியக் குடும்பத்தில் உரிய இடம் எது என்பதைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றைச் சேர்த்து, எட்டுக் கேள்விகளாக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பாடநூல் படங்களில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றின் ஊடே விண்கலங்கள் மோதாமல் எப்படிப் போகின்றன?

வரைபவர் தாளை வெறுமையாக விட முடியாது என்பதால் அப்படி வரைகிறார். உண்மையில் அந்தப் பகுதி கிட்டத்தட்ட முழுவதுமே வெற்றிடம். இதை நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியதில்லை. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சிறுகோள்கள் சுற்றிவரும் அந்தப் பகுதியைச் சிறுகோள் பட்டை என்கிறோம். அதன் உள்விளிம்பு சூரியனிலிருந்து ஏறத்தாழ 31 கோடி கிலோமீட்டரிலும் வெளிவிளிம்பு ஏறத்தாழ 49 கோடி கிலோமீட்டரிலும் இருக்கின்றன. சிறுகோள்களின் பாதைகள் ஒரே தளத்தில் அமையாமல் மேலும் கீழுமாகச் சாய்ந்திருப்பதால், பட்டைக்கு நல்ல தடிமனும் உண்டு. அதை 15 கோடி கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்; பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவும் அவ்வளவுதான். அந்த நீளத்தைப் பக்கமாகக் கொண்ட கனசதுரங்கள் ஏறத்தாழ இருபது இந்தப் பட்டைக்குள் அடங்கும். ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலோ குறுக்களவுள்ள சிறுகோள்கள் அங்கே 11 லட்சம் முதல் 19 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. நடுவில் 15 லட்சம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு கனசதுரத்துக்கு 75,000 வருகிறது. அவற்றைச் சீராக அடுக்கினால் பக்கத்துக்கு 42 நிற்கும். 15 கோடியை 42 ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 35 லட்சம் கிலோமீட்டர், அதாவது நிலவு நம்மிடமிருந்து இருக்கும் தொலைவைப் போல் ஒன்பது மடங்கு. இது தோராயக் கணக்குதான். சிறிய கற்களையும் சேர்த்தால் இடைவெளி குறையும். ஆனால் ஒரு சிறுகோளின் மேல் நின்று பார்ப்பவருக்கு அடுத்த சிறுகோள் மங்கலான ஒரு நட்சத்திரப் புள்ளியாகவே தெரியும் என்பது எந்தக் கணக்கிலும் மாறாது.

1972 ஜூலையில் பயனியர் 10 விண்கலம் இந்தப் பட்டைக்குள் நுழைந்தபோது, தூசியும் சிறு கற்களும் அதைத் துளைத்துவிடுமோ என்ற கவலை உண்மையிலேயே இருந்தது. 1973 பிப்ரவரியில் அது சேதமின்றி மறுபக்கம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கலங்கள் கடந்துவிட்டன. இன்று சிக்கல் நேர்மாறானது: ஒரு சிறுகோளை அருகிலிருந்து பார்க்க வேண்டுமானால், தேடிப் பிடித்து அதை நோக்கிக் கலத்தைத் திட்டமிட்டுச் செலுத்த வேண்டும். கலிலியோ கலம் 1991 அக்டோபரில் காஸ்ப்ரா என்னும் சிறுகோளின் அருகே சென்றதுதான் அவ்வகையில் முதலாவது.

கேள்வி: ஒரு காலத்தில் அங்கே ஒரு கோள் இருந்து, வெடித்துச் சிதறியதால்தான் இந்தக் கற்கள் உண்டாயின என்று பள்ளியில் கேட்டிருக்கிறேன். அது உண்மையா?

உண்மை இல்லை, ஆனால் இந்த எண்ணத்துக்கு மதிப்பான ஒரு வரலாறு உண்டு. 1802இல் பல்லாஸ் என்னும் இரண்டாம் சிறுகோளைக் கண்டறிந்த ஜெர்மானிய வானியலர் ஹென்ரிக் ஓல்பர்ஸ்தான், அது ஓர் உடைந்த கோளின் துண்டாக இருக்கலாம் என்று சொன்னார். கோள் ஒன்று இருக்க வேண்டும் என்று வானியலர்கள் எதிர்பார்த்த இடத்தில் இரண்டு சிறு பொருள்கள் இருந்தால் அப்படி நினைப்பது அன்றைக்கு இயல்பு.

இந்த எண்ணத்தை முதலில் வீழ்த்துவது எடை. பட்டையில் உள்ள அத்தனையையும் திரட்டி ஒன்றாக உருட்டினாலும் நம் நிலவின் நிறையில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் தேறும். அதிலும் பாதிக்கு மேல் சீரிஸ், வெஸ்டா, பல்லாஸ், ஹைஜியா ஆகிய நான்கு பொருள்களிலேயே அடங்கிவிடுகிறது. இதைக் கொண்டு ஒரு கோளைச் செய்ய முடியாது.

இரண்டாவது சான்று நம் கையிலேயே கிடைக்கிறது. பூமியில் விழும் விண்கற்களில் பெரும்பாலானவை சிறுகோள்களின் துண்டுகள். 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் அயெண்டே என்ற ஊரைச் சுற்றி விழுந்த கல்லை வெட்டிப் பார்த்தால், கரும்பழுப்பு நிறப் பொடிக்குள் கடுகளவு உருண்டைகளும் ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டுகளும் பதிந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். அத்தகைய வெள்ளைத் திட்டுகளின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பத்திலேயே உருவாகி, வயது கணிக்கப்பட்ட திண்மப் பொருள்களில் இவையே மிகப் பழையவை. ஒரு பெரிய கோளுக்குள் இவை ஒருமுறையேனும் இருந்திருந்தால் அந்த வெப்பத்தில் உருகி, கனமான இரும்பு அடியிலும் இலேசான பாறை மேலுமாகப் பிரிந்து, அந்தத் திட்டுகள் அடையாளமின்றி அழிந்திருக்கும். வேறு சில விண்கற்கள் உருகியவைதாம். ஆனால் அவற்றின் வேதியியல் ஒரே தாயைக் காட்டவில்லை. இரும்பு விண்கற்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே பல பத்துத் தனித்தனித் தாய்ப்பொருள்கள் தேவைப்படுகின்றன. உடைந்தது ஒரு கோள் என்றால் இத்தனை வேறுபாடு வராது.

அப்படியானால் அங்கே கோள் ஏன் உருவாகவில்லை? காரணம் வியாழன். தூசி கல்லாகி, கல் பாறையாகி, பாறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோளாக வேண்டுமானால் அவை மெல்ல வந்து மோத வேண்டும். அருகிலேயே மாபெரும் கோளாக வளர்ந்துவிட்ட வியாழன், தன் ஈர்ப்பால் இப்பகுதியில் இருந்தவற்றின் பாதைகளைக் கலைத்துக்கொண்டே இருந்தது. இன்று பட்டையில் இரண்டு சிறுகோள்கள் மோதினால் அந்த மோதலின் சராசரி வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மோதுபவை ஒட்டுவதில்லை, நொறுங்குகின்றன. தொடக்கத்தில் அங்கே இருந்த பொருளில் மிகப் பெரும்பகுதி வெளியே வீசப்பட்டுவிட்டது. ஆகவே சிறுகோள்களை இடிந்த வீட்டின் செங்கல் என்று எண்ணுவதைவிட, கட்டத் தொடங்கு முன்பே வேலை நின்றுபோன மனையில் கிடக்கும் செங்கல் என்று எண்ணுவதே பொருத்தம். அவை எனக்கு அருமையாகத் தோன்றுவதும் இதனால்தான்: பூமி எவற்றால் கட்டப்பட்டதோ அவற்றில் கலக்காமல் மிஞ்சியவை அங்கே இருக்கின்றன.

கேள்வி: சீரிஸ் முதலில் கோளாகவும், பிறகு சிறுகோளாகவும், இப்போது குறுங்கோளாகவும் சொல்லப்படுவது ஏன்?

1801 ஜனவரி 1 அன்று இரவு, சிசிலித் தீவின் பலெர்மோ வான்காணகத்தில் ஜுசெப்பே பியாட்சி என்னும் துறவி, விண்மீன் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதற்காக விண்மீன்களின் இடங்களை அளந்துகொண்டிருந்தார். அளந்ததை மறுநாளும் அளந்து சரிபார்ப்பது அவர் வழக்கம். இடப விண்மீன் கூட்டத்தில் அவர் குறித்த மங்கலான புள்ளி ஒன்று அடுத்த இரவு சற்றே நகர்ந்திருந்தது. அதற்கடுத்த இரவும் நகர்ந்தது. வால்மீனாக இருக்கும் என்று அறிவித்தார். ஆனால் அதற்கு வாலோ புகைப்படலமோ இல்லை. பிப்ரவரி 11 வரை அளந்தபின் நோய்வாய்ப்பட்டார். அதற்குள் அந்தப் பொருள் சூரியனின் பக்கம் போய் மறைந்துவிட்டது.

வானில் ஏறத்தாழ மூன்று பாகை மட்டுமே நீளும் ஒரு சிறு வில்லைக் கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு அது எங்கே தோன்றும் என்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை 24 வயதே ஆன கணிதவியலர் கார்ல் பிரெடரிக் காஸ் தாமே வகுத்த முறையால் போட்டுக் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, அவர் சொன்ன இடத்தின் அருகிலேயே சீரிஸ் மீண்டும் அகப்பட்டது. தொலைநோக்கி இழந்ததைக் காகிதமும் பேனாவும் மீட்டுக் கொடுத்த அந்த நிகழ்ச்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

அடுத்த ஆறு ஆண்டுகளில் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா ஆகியவை கிடைத்தன. இந்த நான்கும் நெடுங்காலம் நூல்களில் கோள்களாகவே எண்ணப்பட்டன. அன்றைய தொலைநோக்கிகளில் வட்டமாகத் தெரியாமல் விண்மீன்போலப் புள்ளியாகவே தெரிந்ததால், ‘விண்மீன் போன்றது’ என்னும் பொருள்பட ‘ஆஸ்டிராய்டு’ என்ற பெயரை வானியலர் வில்லியம் ஹெர்ஷல் 1802லேயே முன்வைத்திருந்தார். 1845இல் ஐந்தாவது கிடைத்தது. அதற்குப் பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்து 1868இல் எண்ணிக்கை நூறானது. நூறு கோள்கள் என்று எழுத யாருக்கும் மனம் வரவில்லை, ஹெர்ஷல் சொன்ன சொல் நிலைத்தது. பின்னர் 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம், தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெற்றும் தன் பாதையில் தனிப்பெரும் பொருளாக இல்லாதவற்றுக்குக் குறுங்கோள் என்ற வகையை வகுத்தபோது, ஏறத்தாழ 940 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சீரிஸ் அதில் சேர்ந்தது. சீரிஸ் இருக்கும் இடமோ இயல்போ எப்போதும் மாறவில்லை. நம் அறிவு வளர வளர அதன் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுதான் மாறியது.

கேள்வி: எல்லாச் சிறுகோள்களும் அந்தப் பட்டையில்தான் உள்ளனவா? அப்படியானால் பூமிக்கு அருகே வருபவை எங்கிருந்து வருகின்றன?

இதுவரை கண்டறியப்பட்ட 14 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பட்டையில் உள்ளன. எஞ்சியவற்றில் பெரிய கூட்டம் ட்ரோஜன்கள் எனப்படுபவை. வியாழனின் பாதையிலேயே, வியாழனுக்கு 60 பாகை முன்னால் ஒரு கூட்டமும் 60 பாகை பின்னால் ஒரு கூட்டமுமாக இவை அதனோடு சூரியனைச் சுற்றிவருகின்றன. அந்த இரண்டு இடங்களிலும் ஒரு சிறிய பொருள் நிலையாக இருக்க முடியும் என்று 1772இலேயே கணிதவியலர் லக்ராஞ்ச் கணக்கால் காட்டியிருந்தார். அங்கே முதல் சிறுகோளான அகிலீஸை மாக்ஸ் வுல்ஃப் கண்டது 1906இல்தான். பூமிக்கும் இவ்வாறான துணைகள் உண்டு. 2010 டிகே7 என்பது அவற்றுள் ஒன்று.

பட்டைக்குள்ளேயும் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. 1866இல் டேனியல் கிர்க்வுட் என்ற அமெரிக்கர், அதுவரை தெரிந்திருந்த சிறுகோள்களைச் சூரியனிலிருந்து உள்ள சராசரித் தொலைவின்படி வரிசைப்படுத்தினார். சில தொலைவுகளில் அநேகமாக எதுவுமே இல்லை. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப் போல் இரண்டரை மடங்கு தொலைவு அவற்றுள் ஒன்று. அங்கே ஒரு பொருள் இருந்தால் வியாழன் ஒருமுறை சுற்றி முடிக்கும் காலத்தில் அது சரியாக மூன்று முறை சுற்றும். ஊஞ்சலில் ஆடும் குழந்தையை எப்போது வேண்டுமானாலும் தள்ளினால் ஊஞ்சல் தடுமாறும்; ஒவ்வொரு முறையும் அதே நிலைக்கு வரும்போது சிறிதளவு தள்ளினாலும் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். வியாழனின் ஈர்ப்பு இத்தகைய இடங்களில் அப்படித்தான் தள்ளுகிறது. வட்டத்துக்கு நெருக்கமாக இருந்த பாதை நீண்டு, செவ்வாயின் பாதையையும் பிறகு பூமியின் பாதையையும் குறுக்கிடத் தொடங்குகிறது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். இந்த இடைவெளிகள் வானில் கண்ணுக்குத் தெரியும் வெற்று வளையங்கள் அல்ல. சிறுகோள்களின் பாதைகள் நீள்வட்டங்கள் என்பதால், வேறு சராசரித் தொலைவு கொண்டவை அந்த இடங்களின் வழியே வந்துபோய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் மேலிருந்து படம் பிடித்தால் இடைவெளி எதுவும் தெரியாது. சராசரித் தொலைவுகளைத் தாளில் குறித்தால்தான் தெரியும்.

இந்த இடைவெளிகள்தாம் சிறுகோள்கள் பட்டையை விட்டு வெளியேறும் வாயில்கள். அந்த வாயில்கள் என்றைக்கோ காலியாகிவிட்டன என்றால், இன்று பூமிப் பக்கம் வருபவற்றை அங்கே கொண்டுசேர்ப்பது எது? வெயில்தான். சிறுகோளின் ஒரு பக்கம் வெயிலில் சூடேறி, சுழற்சியால் மாலைப் பக்கம் திரும்பிய பிறகு அந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. வெளியேறும் வெப்பக் கதிர்கள் மிக மிக நுண்ணிய ஓர் உந்துதலைத் தருகின்றன. இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டி எண்ணிப் பார்த்த பொறியாளர் யார்க்கோவ்ஸ்கியின் பெயராலேயே இவ்விளைவு அழைக்கப்படுகிறது. பென்னு என்னும் சிறுகோளில் இதை அளந்திருக்கிறார்கள்: அதன் பாதை ஆண்டுக்கு ஏறத்தாழ 284 மீட்டர் வீதம் சூரியனை நோக்கிச் சுருங்குகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் இந்த நகர்வு சிறிய சிறுகோள்களை அந்த வாயில்களில் கொண்டுவிட, அங்கிருந்து வியாழன் அவற்றை எடுத்து எறிகிறது. ஆகவே ‘இடம்’ என்று நாம் சொல்வது சிறுகோளுக்கு நிலையான முகவரி ஆகாது.

கேள்வி: சிறுகோள், விண்கல், எரிமீன், வால்மீன்: இவற்றைச் செய்தித்தாள்கள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. எது எது?

சூரியனைச் சுற்றும் பாறை அல்லது உலோகப் பொருள் சிறுகோள். அதைவிட மிகச் சிறியது, அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்குவது, விண்கல். அது காற்றுமண்டலத்தில் நுழைந்து எரியும்போது தெரியும் ஒளிக்கோடு எரிமீன். எரிந்தது போக நிலத்தில் வந்து விழுவதைப் பாடநூல்கள் விண்வீழ்கல் என்கின்றன. வழக்கில் அதையும் விண்கல் என்றே சொல்கிறோம், இப்பக்கத்தில் நானும் அப்படியே எழுதுகிறேன். பனி மிகுந்து, சூரியனை நெருங்கும்போது ஆவியும் தூசியும் வாலாக நீள்வது வால்மீன். சில இதழ்கள் சிறுகோளையும் குறுங்கோள் என்று எழுதுவதால் சீரிஸ் பற்றிய செய்திகளில் குழப்பம் வருகிறது. இரண்டையும் பிரித்து எழுதுவதே நல்லது. இயற்கையில் கோடு அவ்வளவு கூர்மையாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: டிசம்பரில் தெரியும் ஜெமினிட் எரிமீன்களுக்குக் காரணமான ஃபேத்தான் சிறுகோளாகவே எண்ணப்படுகிறது, பிற எரிமீன் பொழிவுகள் பெரும்பாலும் வால்மீன்கள் விட்டுச்சென்ற தூசியால் வருபவை.

கேள்வி: விண்கற்கள் தாமாகவே பூமியில் விழும்போது, பென்னுவிலிருந்து 121 கிராம் எடுத்துவர 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது வீண் இல்லையா?

நியாயமான கேள்வி. அதற்கு நேரடியான விடையும் இருக்கிறது.

அந்தக் கற்களை எடுத்துவந்த, நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2016 செப்டம்பரில் கிளம்பி, 2018 இறுதியில் பென்னுவை அடைந்தது. பென்னு ஏறத்தாழ 500 மீட்டர் அகலமுள்ள கற்குவியல். அதன் ஈர்ப்பு மிகவும் குறைவு. அதன் மேலிருந்து ஒரு கல்லை மெல்லத் தட்டிவிட்டாலே திரும்பாமல் போய்விடும். 2020 அக்டோபர் 20 அன்று, பூமியிலிருந்து 32 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், கலம் தன் கையை நீட்டி நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டது. தரை தடுக்கவில்லை. பார்ப்பதற்குப் பாறையாகத் தெரிந்த மேற்பரப்பு, இறுக்கமின்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கற்களாக விலகிக்கொடுக்க, கை ஏறத்தாழ அரை மீட்டர் உள்ளே இறங்கியது. பின்வாங்கும் உந்துபொறிகள் குறித்த நேரத்தில் இயங்கியிராவிட்டால் இன்னும் அமிழ்ந்திருக்கும். நைட்ரஜன் வாயுவைப் பீச்சிக் கிளறி எடுத்த கற்களில் சில மூடியின் விளிம்பில் சிக்கிக்கொண்டதால் மூடி முழுமையாக மூடவில்லை; துகள்கள் வெளியே மிதந்து போவதைக் கண்ட குழுவினர், திட்டமிட்ட எடைச் சோதனையையும் கைவிட்டு, அவசரமாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். 2023 செப்டம்பர் 24 அன்று அந்தப் பெட்டி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. கடைசி இரண்டு மரைகள் கழலாமல் அடம்பிடித்ததால் உள்ளிருந்த கலனை முழுவதுமாகத் திறக்க 2024 ஜனவரி ஆகிவிட்டது. எடை 121.6 கிராம்.

அதில் கிடைத்தவை என்ன? உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14. மரபுப் பொருளின் எழுத்துகளாக உள்ள ஐந்து காரங்களும். உப்புநீர் மெல்ல வற்றிப்போனதால் படிந்த சோடியம் உப்புகள். கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கு விடை. அந்த உப்புகள் நம் காற்றின் ஈரத்திலேயே கரைந்து போகக்கூடியவை. தானாக விழுந்த கல்லில் அவை சில காலம்கூடத் தாங்குவது அரிது. மேலும் விழுந்த கல்லில் அமினோ அமிலம் கிடைத்தால், அது வானிலிருந்து வந்ததா, விழுந்த மண்ணிலிருந்து ஏறியதா என்ற ஐயம் எப்போதும் எழும். மூடிய பெட்டியில், நைட்ரஜன் காற்றில் வைத்துப் பாதுகாத்த கல்லில் அந்த ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. இதில் உயிர் இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்கள், உயிர் இல்லாத இடத்தில், நீரும் உப்பும் சேர்ந்த சூழலில் தாமாகவே உண்டாயின என்பதுதான் செய்தி. அந்த 121 கிராம் வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

சிறுகோளில் சுரங்கம் வைத்துப் பணம் ஈட்டலாமா என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். ஏழு ஆண்டு, நூறு கோடி டாலர், நூற்றுச் சொச்சம் கிராம் என்ற கணக்கே இன்றைக்கு அதற்குப் போதுமான விடை.

கேள்வி: 2025 தொடக்கத்தில் ஒரு சிறுகோள் பூமியில் மோதும் வாய்ப்பு நாளுக்கு நாள் ஏறியது, பிறகு திடீரென்று இல்லை என்றார்கள். முதலில் சொன்னது பொய்யா, பிறகு சொன்னது பொய்யா?

இரண்டும் மெய். 2024 ஒய்ஆர்4 என்பது அதன் தற்காலிகப் பெயர். ஆண்டை அடுத்த எழுத்து, அது எந்த அரை மாதத்தில் கண்டறியப்பட்டது என்பதைக் குறிக்கும். ‘ஒய்’ டிசம்பரின் பின்பாதி. ‘ஆர்4’ என்பது அந்த அரை மாதத்தில் பட்டியலுக்கு வந்த 117ஆவது பொருள் என்று கணக்காகும். டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கியில் அகப்பட்ட இது, ஏறத்தாழ 60 மீட்டர் அகலமுள்ளது. 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டி, 2025 பிப்ரவரி 18 அன்று 3 சதவீதத்துக்குச் சற்று மேலே சென்றது. அந்த மாதம் முடிவதற்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இதைத் தாளில் வரைந்து பார்த்தால் உடனே விளங்கும். சில வாரங்கள் மட்டும் பார்த்த ஒரு பொருள் ஏழெட்டு ஆண்டுகள் கழித்து எங்கே இருக்கும் என்பதைப் புள்ளியாகச் சொல்ல முடியாது. நீண்ட ஒரு கோடாகத்தான் சொல்ல முடியும். அந்தக் கோட்டின் மேல் எங்கோ ஓரிடத்தில் பூமி ஒரு சிறு வட்டமாக நிற்கிறது. கோட்டின் நீளத்தில் பூமி அடைக்கும் பங்குதான் மோதும் வாய்ப்பு. அளவுகள் சேரச் சேரக் கோடு குறுகுகிறது. பூமி இன்னும் அதற்குள்ளேயே இருக்கும்வரை, குறுகிய கோட்டில் அதே பூமி பெரிய பங்கை அடைக்கிறது. அதனால் வாய்ப்பு ஏறுகிறது. பிறகு ஒரு நாள் கோட்டின் முனை பூமியைத் தாண்டிச் சுருங்கிவிடும். அப்போது வாய்ப்பு ஒரேயடியாக விழுந்துவிடும். 2004இல் கண்டறியப்பட்ட அபோஃபிஸ் என்னும் சிறுகோளின் விஷயத்திலும் இப்படியே நடந்தது. ஆகவே இத்தகைய எண் முதல் சில வாரங்களில் ஏறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதை மறைக்காமல் வெளியிடுவது நல்ல பழக்கம் என்றே நான் கருதுகிறேன்.

அச்சத்துக்கு ஓர் அடிப்படையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் விழுந்தது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ளது. டைனோசர்களின் ஆட்சி அதோடு முடிந்தது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேலே வெடித்தது 20 மீட்டர் அளவுதான்; ஆனாலும் ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தனர், பெரும்பாலும் உடைந்த சன்னல் கண்ணாடியால். ஒளியைக் கண்டு சன்னலருகே ஓடி நின்றவர்களை, பின்னால் வந்து சேர்ந்த அதிர்வலை தாக்கியது. வானில் திடீரென்று பேரொளி தெரிந்தால் சன்னலை விட்டு விலக வேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம். பூமிப் பக்கம் வரும் சிறுகோள்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றில் 95 சதவீதத்துக்கும் அதிகமானவை கண்டறியப்பட்டுவிட்டன. 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் பாதிகூட இன்னும் அகப்படவில்லை; நம் கவலை அங்கேதான் இருக்க வேண்டும்.

தடுக்க வழி உண்டா என்றால், ஒருமுறை செய்து பார்த்திருக்கிறோம். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம், நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில், டிமார்ஃபஸ் என்னும் 160 மீட்டர் சிறுகோளின் மேல் வேண்டுமென்றே மோதியது. டிடிமஸ் என்ற பெரிய சிறுகோளை அது 11 மணி 55 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்துகொண்டிருந்தது. மோதிய பின் அந்த நேரம் ஏறத்தாழ 32 நிமிடம் குறைந்தது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்று முன்பே வரையறுத்திருந்தார்கள். கலத்தின் மோதல் மட்டுமன்றி, மோதிய இடத்திலிருந்து எதிர்த்திசையில் சிதறிப் பறந்த கற்களும் சேர்ந்து தள்ளியதால் வந்த பலன் இது.

கேள்வி: ஒரு சிறுகோளையாவது என் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். 2029 ஏப்ரல் 13 அன்று, ஏறத்தாழ 350 மீட்டர் அகலமுள்ள அபோஃபிஸ் பூமியின் தரையிலிருந்து 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போகும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் கருவியில்லாமலே நகரும் புள்ளியாகத் தெரியும். அது மோதாது; குறைந்தது நூறாண்டுக்கு அந்த அபாயம் இல்லை என்று 2021இல் ரேடார் அளவுகள் உறுதிசெய்துவிட்டன.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஏறத்தாழ 17 மாதங்களுக்கு ஒருமுறை வெஸ்டா சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கம் வரும். அப்போது அது இரவு முழுவதும் வானில் இருக்கும். சில முறை, நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே எட்டும் அளவுக்குப் பிரகாசமாகிவிடும். சாதாரண இருகண் நோக்கி போதும். வான்வரைபடச் செயலி ஒன்றில் வெஸ்டா இருக்கும் பகுதியைத் தெரிந்துகொள்ளுங்கள். அது எந்தப் புள்ளி என்பதை மட்டும் பார்த்துவிடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். பிறகு நோக்கியில் தெரியும் வட்டத்தைத் தாளில் வரைந்து, பிரகாசமானவற்றைப் பெரிய புள்ளியாகவும் மங்கலானவற்றைச் சிறிய புள்ளியாகவும் குறியுங்கள். நான் முதல்முறை வரைந்தபோது பதினொரு புள்ளிகள் இருந்தன. எது வெஸ்டா என்று அன்றிரவு எனக்குத் தெரியாது, தெரிவதற்கு வழியும் இல்லை. பதினொன்றும் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டு இரவு கழித்து அதே வட்டத்தை மீண்டும் வரையுங்கள். அந்நாள்களில் வெஸ்டா ஒரு நாளைக்கு முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ பாதியளவு நகரும். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கின் எதிரே பிடித்தால் மற்றவை எல்லாம் பொருந்தும். ஒன்று மட்டும் பொருந்தாது. அதன் பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள்.